சிறு கப்பலில் மால்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலின் நடுவே இருக்கும் மால்டாவுக்குச் சிறிய பயணக் கப்பலில் செல்ல விரும்புவோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. மால்டாவின் வரலாற்றில் பெரும்பகுதி அதன் துறைமுகத்தைச் சுற்றியே நடந்தது. ஆகவே அந்தத் தீவைக் கடல் வழியாகச் சென்று காண்பது மிகப் பொருத்தமானது. ஆனால் கப்பலில் போய் இறங்கினால் மட்டும் போதாது. அந்தக் கப்பல் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே பயணத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள பல விடைகள் இந்த நம்பிக்கையிலிருந்தே எழுதப்பட்டவை.

சிறிய கப்பல் என்று எதைச் சொல்கிறார்கள்? பெரிய கப்பலுக்கும் அதற்கும் உண்மையான வேறுபாடு என்ன?

இதற்கென்று சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை. ஏறத்தாழ 50 முதல் 300 பயணிகள் வரை ஏற்றிச் செல்லும் கப்பல்களைப் பயண முகவர்கள் சிறிய கப்பல்கள் என்று குறிப்பிடுகிறார்கள். பாய்மரம் விரித்து ஓடும் கப்பல்களும் இவற்றில் உண்டு. பெரிய கப்பல்களோ மூவாயிரம் முதல் ஆறாயிரம் பேர் வரை ஏற்றுபவை.

வலெட்டா நகரின் பெருந்துறைமுகம் ஆழமானது. பெரிய கப்பல்களும் தடையின்றி அதற்குள் வருகின்றன. எனவே சிறிய கப்பலில் போனால்தான் வலெட்டாவுக்குள் நுழைய முடியும் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். வேறுபாடு மற்ற இடங்களில்தான் தெரியும். கோசோ தீவின் இம்ஜார் துறையை ஒட்டி நங்கூரமிட்டுப் பயணிகளைப் படகில் இறக்கிவிடுவதும், சிசிலியின் சிரக்கூசாவில் பழைய நகரான ஒர்ட்டிஜியாவின் அருகிலேயே கப்பலைக் கரையோடு கட்டி நிறுத்துவதும் சிறிய கப்பல்களுக்கு எளிது. கரையிறங்குவதற்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கப்பல் கட்டப்பட்ட சில நிமிடங்களில் தெருவில் நடக்கத் தொடங்கிவிடலாம். பல சிறிய கப்பல்கள் மாலை ஐந்து மணிக்கே புறப்படாமல் இரவு பத்து மணி வரையோ மறுநாள் வரையோ துறைமுகத்தில் நிற்கின்றன.

எல்லாச் சிறிய கப்பல்களும் இப்படி நிற்பதில்லை. ஏழு நாளில் ஏழு துறைமுகங்கள் என்று ஓடுபவையும் இருக்கின்றன. அத்தகைய பயணத்துக்கு இரு மடங்கு பணம் செலுத்துவதில் பயன் இல்லை. பயண அட்டவணையில் துறைமுகங்களின் பெயர்களைப் பார்ப்பதற்கு முன், கப்பல் வந்து சேரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மத்தியதரைக் கடலில் வரலாற்றுத் தீவுகள் பல இருக்க, மால்டாவை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

ரோட்ஸ், கிரீட், சைப்ரஸ் ஆகியவை எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. ஆனால் அவை பெரிய தீவுகள். ஒரு நாளில் கப்பலிலிருந்து இறங்கி அவற்றின் ஓரத்தை மட்டுமே தொட முடியும். மால்டா, கோசோ, கொமினோ ஆகிய மூன்றும் சேர்ந்த மால்டா நாட்டின் மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் பொது ஆண்டுக்கு 3,600 ஆண்டுகள் முன்பு தொடங்கிக் கட்டப்பட்ட கற்கோயில்கள், பீனீசியரும் உரோமரும் விட்டுச்சென்ற தடயங்கள், அரபு ஆட்சியின் அழியாத செல்வாக்கு, புனித யோவான் அமைப்பு என்னும் போர்வீரத் துறவிகளின் 268 ஆண்டுக் கால ஆட்சி, ஆங்கிலேயரின் கடற்படைத் தளம், இரண்டாம் உலகப் போரின் காயங்கள் எல்லாம் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கரையில் கிடைக்கும் நேரம் குறைவாக இருக்கும் கப்பல் பயணிக்கு இந்த நெருக்கம் பெரிய நன்மை.

கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது மேல்தளத்தில் இருக்க வேண்டும் என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். அது பெரும்பாலும் விடியற்காலையில் நடக்கும். உறக்கத்தைத் தியாகம் செய்தே ஆக வேண்டும். முதல் நாள் இரவே வரவேற்பு மேசையில், துறைமுக வழிகாட்டி மாலுமி எத்தனை மணிக்குக் கப்பலில் ஏறுகிறார் என்று கேட்டு, அதற்கு அரை மணி நேரம் முன்பாக மேல்தளத்துக்குச் சென்றுவிடுங்கள்.

முதலில் அலைதாங்கிச் சுவர்கள் தென்படும். ஆங்கிலேயர் காலத்தில், 1903இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் அடிக்கல் நாட்டிய கட்டுமானம் அது. வடகிழக்கிலிருந்து வீசும் கிரெகாலே என்னும் காற்று துறைமுகத்தின் வாய்க்குள் நேராகப் புகுந்து கப்பல்களைச் சிதைத்து வந்ததால்தான் அதைக் கட்டினார்கள். அதைத் தாண்டியவுடன் வலப்புறம் புனித எல்மோ கோட்டையும் இடப்புறம் ரிக்காசோலி கோட்டையும் வரும். பிறகு வலப்புறம் முழுவதும் வலெட்டாவின் மதில்கள் கடலிலிருந்து செங்குத்தாக எழுகின்றன. இடப்புறம் நிலம் விரல்களைப் போலக் கடலுக்குள் நீண்டிருக்க, ஒரு விரலின் நுனியில் பிர்கு நகரின் புனித ஏஞ்சலோ கோட்டையும், அடுத்ததன் நுனியில் செங்லியாவின் சிறு காவல் கூண்டும் தெரியும். அந்தக் கூண்டின் சுவரில் ஒரு கண்ணும் ஒரு காதும் செதுக்கப்பட்டிருக்கும். துறைமுகத்தைக் காப்பவன் எப்போதும் பார்த்தும் கேட்டும் இருக்க வேண்டும் என்பதற்காக. தொலைநோக்கி இருந்தால் தெளிவாகக் காணலாம். மால்டாவின் சுண்ணாம்புக்கல் தேன் நிறமுடையது. கிழக்கு வெயில் படும்போது மதில்களும் வீடுகளும் ஒரே நிறத்தில் ஒளிரும்.

இந்தக் காட்சியைப் பெரிய கப்பலின் பதினைந்தாம் தளத்திலிருந்தும் காணலாம். ஆனால் அங்கிருந்து பார்ப்பவர் மதில்களைக் குனிந்து பார்க்கிறார். இரண்டாம் மூன்றாம் தளத்தில் நிற்பவரோ மதில்களை அண்ணாந்து பார்க்கிறார். முற்றுகையிட வந்த கடற்படைகள் கண்ட உயரம் அதுதான். கட்டியவர்கள் எண்ணியதும் அந்தக் கோணத்தைத்தான்.

மால்டாவில் எவ்வளவு நேரம் தேவை?

எட்டு மணி நேரம் மட்டுமே கிடைத்தால் வலெட்டாவையும், துறைமுகத்துக்கு எதிர்ப்புறமுள்ள பிர்குவையும் தவிர வேறெங்கும் போக வேண்டாம் என்பதே என் அறிவுரை. இம்டினா, நீலக் குகை, மீனவர் கிராமம் என்று பேருந்தில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் முழுநாள் திட்டங்களில் கால்வாசி நேரம் சாலையிலும் வாகன நிறுத்தங்களிலும் கரைந்துவிடும். தீவு சிறியதானாலும் போக்குவரத்து நெரிசல் கடுமையானது.

கப்பல் இரவு தங்கினால் நிலைமை மாறுகிறது. பழைய தலைநகரான இம்டினாவுக்கு மாலையில் போகலாம். மதிலுக்குள் சில நூறு பேர் மட்டுமே வாழும் அந்த ஊரில் பகல் முழுவதும் சுற்றுலாக் கூட்டம் இருக்கும். பொழுது சாய்ந்து பேருந்துகள் திரும்பிய பிறகுதான் தெருக்களின் வளைவுகளும் மாளிகைகளின் கதவுகளும் நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். இரண்டு முழு நாள் இருந்தால் ஒரு நாளைக் கோசோவுக்குக் கொடுக்கலாம்.

கப்பல் பயணம் மால்டாவில் தொடங்கினாலோ முடிந்தாலோ இரண்டு மூன்று நாட்கள் விடுதி எடுத்துத் தங்குவதே எல்லாவற்றிலும் சிறந்தது.

போவதற்கு முன் எந்த வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும்?

எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் 1565ஆம் ஆண்டின் பெருமுற்றுகையை மட்டுமாவது அறிந்துகொண்டு போக வேண்டும். இன்று நாம் காணும் துறைமுகமும் நகரமும் அந்த ஒரு கோடையின் விளைவு.

புனித யோவான் அமைப்பினர் எருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்தியவர்களாகத் தொடங்கி, போர்வீரத் துறவிகளாக மாறியவர்கள். 1291இல் அங்கே கிறிஸ்தவர்களின் கடைசிப் பெருங்கோட்டையான ஆக்ரே வீழ்ந்த பின் சிறிது காலம் சைப்ரஸில் இருந்துவிட்டு ரோட்ஸ் தீவைத் தங்கள் நாடாக்கிக்கொண்டார்கள். 1522இல் ஒட்டோமான் பேரரசர் சுலைமான் ரோட்ஸைக் கைப்பற்றினார். தோற்றவர்களை மரியாதையுடன் வெளியேற அனுமதித்தார். நாடற்று அலைந்த அவர்களுக்கு 1530இல் ஸ்பெயினையும் சிசிலியையும் ஆண்ட ஐந்தாம் சார்லஸ் மன்னர் மால்டாவை வழங்கினார். ஆண்டுக்கு ஒரு வல்லூறு என்பதே அதற்கான வாடகை. ஆறுகளோ காடுகளோ இல்லாத வறண்ட தீவு அது. ஆனால் துறைமுகம் மட்டும் இணையற்றது.

1565 மே மாதம் சுலைமானின் கடற்படை வந்தது. மதிப்பீடுகள் வேறுபட்டாலும், வந்த படை ஏறத்தாழ முப்பதாயிரம் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எதிர்த்து நின்ற யோவான் அமைப்பு வீரர்கள் சில நூறு பேர். அவர்களோடு கூலிப்படையினரும் மால்டா மக்களும் சேர்ந்து சில ஆயிரம் பேர். சில நாட்களில் விழுந்துவிடும் என்று கருதப்பட்ட புனித எல்மோ கோட்டை ஜூன் 23 வரை தாக்குப்பிடித்தது. அந்தச் சண்டையில்தான் புகழ்பெற்ற ஒட்டோமான் கடற்படைத் தலைவரான துர்குத் இறந்தார். எல்மோ வாங்கிக்கொடுத்த வாரங்களால் பிர்குவும் செங்லியாவும் நிலைத்தன. சிசிலியிலிருந்து உதவிப்படை இறங்கிய பின், செப்டம்பர் 8 அன்று முற்றுகை முடிவுக்கு வந்தது. மால்டா மக்களின் பங்கை, குறிப்பாக மதில்களைப் பழுதுபார்த்தும் தண்ணீர் சுமந்தும் நின்ற பெண்களையும் சிறுவர்களையும், கப்பல்களில் நடக்கும் வரலாற்று உரைகள் பல நேரம் விட்டுவிடுகின்றன. வெற்றி அவர்களுடையதும்தான்.

அடுத்த ஆண்டு, 1566 மார்ச் 28 அன்று, அமைப்பின் தலைவர் ழான் தெ வலெட் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார். வலெட்டா அவர் பெயரைத் தாங்கியது. இத்தாலியப் பொறியாளர் பிரான்செஸ்கோ லப்பரெல்லி வகுத்த திட்டத்தை மால்டாவின் கட்டடக் கலைஞர் ஜிரோலமோ கஸ்ஸார் நிறைவேற்றினார். தெருக்கள் நேராகவும் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டியும் செல்வதால் கடல்காற்று நகரின் உள்ளே வரை வருகிறது. 1980இல் யுனெஸ்கோ இந்த நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இரண்டாவது முற்றுகை இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. 1940 முதல் 1942 வரை இத்தாலிய, ஜெர்மானிய விமானங்கள் இத்தீவின் மீது இடைவிடாமல் குண்டு வீசின. 1942 ஏப்ரலில் ஆங்கிலேய மன்னர் ஆறாம் ஜார்ஜ் தீவின் மக்கள் அனைவருக்கும் சேர்த்து வீரத்துக்கான ஜார்ஜ் சிலுவை விருதை வழங்கினார். மால்டாவின் கொடியில் இன்றும் அது இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் உணவும் எரிபொருளும் ஏற்றிப் புறப்பட்ட 14 வணிகக் கப்பல்களில் ஐந்து மட்டுமே வந்து சேர்ந்தன. அவற்றில் கடைசியாக, ஆகஸ்ட் 15 அன்று, ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல் மூழ்கும் நிலையில் இரு போர்க்கப்பல்களின் இடையே கட்டப்பட்டு இதே துறைமுகத்துக்குள் இழுத்து வரப்பட்டது. உங்கள் கப்பலும் அதே நீர்வழியில்தான் நுழைகிறது.

கப்பல் எங்கே கட்டி நிறுத்தப்படும்? அங்கிருந்து நகருக்குள் எப்படிச் செல்வது?

பெரும்பாலும் பின்ட்டோ துறையில். மனுவேல் பின்ட்டோ என்ற அமைப்புத் தலைவர் 1752இல் கட்டிய கிடங்குகள் அங்கே வண்ணக் கதவுகளுடன் உணவகங்களாக இயங்குகின்றன. கரையோரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பரக்கா மின்தூக்கி வரும். 58 மீட்டர் உயரத்துக்கு அது உங்களை ஏற்றி, மதிலின் உச்சியிலுள்ள மேல் பரக்காத் தோட்டத்தில் விடும். மின்தூக்கியை விட்டு மலைச்சாலையில் ஏறிப் போவது வெயில் காலத்தில் வீண் களைப்பு.

சில நாட்களில் கப்பல்கள் செங்லியா பக்கமுள்ள பாய்லர் துறையில் கட்டப்படும். அப்படியானால் நகருக்குச் செல்ல வாகனம் தேவை. முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

மேல் பரக்காத் தோட்டத்தின் கீழ்த்தளத்தில் வணக்கப் பீரங்கிகள் இருக்கின்றன. பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒரு பீரங்கி சுடப்படும். அங்கிருந்து இறங்கி, மின்தூக்கியின் அடியிலுள்ள படகுத்துறையில் ஏறினால் சில நிமிடங்களில் எதிர்க்கரைக்குப் போய்விடலாம். டைசா எனப்படும் மரபான சிறு படகுகளும் ஓடுகின்றன. உயர்ந்த முனைகளும் வண்ணப் பூச்சும் உடைய அவற்றில் ஒரு முறை துறைமுகத்தைக் கடப்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன்.

புனித யோவான் பேராலயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

1570களில் ஜிரோலமோ கஸ்ஸார் கட்டிய இந்த ஆலயம் வெளியே கோட்டையைப் போல் எளிமையாக இருக்கும். உள்ளே மத்தியா பிரேத்தி தீட்டிய மேற்கூரையும், தரை முழுவதும் பதித்த ஏறத்தாழ 400 வண்ணப் பளிங்குக் கல்லறைப் பலகைகளும் கண்ணை நிறைக்கும். அந்தப் பளிங்கைக் காப்பதற்காகக் கூர்மையான குதிகால் காலணிகளை அனுமதிப்பதில்லை. தோளையும் முழங்காலையும் மறைக்கும் ஆடை அவசியம். பொதுவாக ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவதில்லை என்பதால், உங்கள் கப்பல் எந்தக் கிழமை வருகிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் பிரதான மண்டபத்திலேயே நேரத்தைச் செலவிட்டுவிட்டு, பக்கத்திலுள்ள சிற்றாலயத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் தீட்டிய ‘திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுதல்’ என்ற ஓவியம் இருக்கிறது. ஐந்து மீட்டருக்கும் மேல் அகலமுள்ள அந்தத் திரையின் பாதியை இருட்டும் வெறுஞ்சுவருமே நிறைத்திருக்க, கொலை ஓர் ஓரத்தில் நடக்கிறது. கரவாஜியோ கையொப்பமிட்ட ஒரே ஓவியம் இது. யோவானின் கழுத்திலிருந்து வழிந்த இரத்தத்திலேயே அவர் தம் பெயரை எழுதியிருக்கிறார்.

உரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பியோடிய அவர் 1607இல் மால்டாவுக்கு வந்தார். மறு ஆண்டு அமைப்பின் வீரராகவும் ஏற்கப்பட்டார். சில வாரங்களிலேயே ஓர் அடிதடியில் சிக்கி, புனித ஏஞ்சலோ கோட்டையில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து தப்பிச் சிசிலிக்கு ஓடினார். 1608 டிசம்பர் 1 அன்று அவரை அமைப்பிலிருந்து நீக்கும் தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் இந்தச் சிற்றாலயத்தில்தான், இதே ஓவியத்தின் முன்னால்தான். எந்த இடத்துக்காகத் தீட்டப்பட்டதோ அதே சுவரில் ஓவியம் இன்றும் இருக்கிறது. பெரும் ஓவியங்கள் பலவும் அருங்காட்சியகங்களுக்கு இடம் மாறிவிட்ட நிலையில் இது அரிய பேறு. அரை மணி நேரமாவது அங்கே நில்லுங்கள்.

பழங்காலக் கற்கோயில்களைக் கப்பல் நிறுத்த நேரத்துக்குள் பார்க்க முடியுமா?

ஹஜார் இம், இம்நாய்ட்ரா ஆகிய இரண்டும் தெற்குக் கடற்கரையில் அடுத்தடுத்து உள்ளன. வாடகைக் காரில் சென்றால் மூன்று, நான்கு மணி நேரத்தில் பார்த்துத் திரும்பலாம். இம்நாய்ட்ராவின் கீழ்க் கோயிலில் சம இரவு நாட்களில் சூரியன் எழும்போது ஒளி வாயில் வழியாக நேராக உள்ளே பாய்கிறது. மழையும் உப்புக்காற்றும் கல்லை அரித்து வந்ததால் 2009 முதல் இரு கோயில்களின் மேலும் பெரும் கூடாரங்கள் அமைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது கண்ணை உறுத்துகிறது. கல் பிழைக்க வேண்டுமானால் வேறு வழியில்லை.

ஹால் சஃப்லியேனி நிலவறை தனி வகை. 1902இல் வீடு கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட அது, பாறைக்குள் மூன்று அடுக்குகளாகக் குடையப்பட்ட ஈமக் கோயில். ஏறத்தாழ ஏழாயிரம் பேரின் எலும்புகள் அங்கே இருந்ததாகக் கணித்திருக்கிறார்கள். மனித மூச்சின் ஈரம்கூடச் சுவரிலுள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் மணிக்குப் பத்துப் பேரை மட்டுமே அனுமதிக்கிறார்கள். பல வாரங்களுக்கு முன்பே, கோடையில் மாதங்களுக்கு முன்பே, நுழைவுச்சீட்டை இணையவழியில் வாங்கிவிட வேண்டும். கப்பல் தாமதமானால் சீட்டு வீணாகும் வாய்ப்பு உண்டு. எனவே கப்பல் வந்துசேரும் நேரத்துக்கும் நுழைவு நேரத்துக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விட்டுப் பதிவு செய்யுங்கள். சீட்டுக் கிடைக்காதவர்கள் வலெட்டாவின் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அந்த நிலவறையில் கிடைத்த, உள்ளங்கையளவே உள்ள ‘உறங்கும் பெண்’ என்ற சுடுமண் உருவம் அங்கேதான் இருக்கிறது.

கோசோ தீவுக்கு அவசியம் போக வேண்டுமா?

கப்பலே கோசோவில் நின்றால் தவறவிடாதீர்கள். வலெட்டாவில் ஒரே நாள் நிற்கும் கப்பலிலிருந்து கோசோவுக்கு ஓடிவிட்டுத் திரும்புவது மட்டும் வேண்டாம்.

கோசோவின் நடுவே குன்றின் மேல் சிட்டாடெல்லா என்ற கோட்டை நகரம் இருக்கிறது. 1551இல் துர்குத்தும் சினான் பாஷாவும் இந்தத் தீவைத் தாக்கியபோது ஏறத்தாழ ஐயாயிரம் பேரை, அதாவது தீவின் மக்களில் மிகப் பெரும்பாலோரை, அடிமைகளாகக் கொண்டுசென்றார்கள். அதன் பின் நெடுங்காலம் மக்கள் இரவில் கோட்டைக்குள் உறங்க வேண்டும் என்ற விதி இருந்தது. மதிலின் மேல் நின்று நான்கு பக்கமும் கடலைப் பார்க்கும்போது அந்த அச்சத்தின் காரணம் புரியும்.

ஜ்கந்தியா கற்கோயில்களும் ஷ்வைனி கரையின் உப்பளங்களும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இல்லை. பழைய விளம்பரப் படங்களில் காணும் ‘நீலச் சாளரம்’ என்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. இன்னும் அந்தப் படத்தைப் போட்டுப் பயணம் விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மால்டாவோடு சேர்த்து வேறு எந்தத் துறைமுகம் உள்ள பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

சிரக்கூசா. ஓர் இரவில் கடந்துவிடும் தூரம்தான். கொரிந்தியர் பொது ஆண்டுக்கு 734 ஆண்டுகள் முன்பு நிறுவியதாக மரபு சொல்லும் நகரம் அது; ஆர்க்கிமிடீஸ் பிறந்ததும் இறந்ததும் அங்கேதான். ஒர்ட்டிஜியாவின் பேராலயச் சுவர்களுக்குள் ஏதெனா கோயிலின் கிரேக்கத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. மால்டாவில் தப்பிய கரவாஜியோ போய்ச் சேர்ந்த இடமும் சிரக்கூசாதான். அதே 1608இல் அங்கே புனித லூசியாவின் அடக்கத்தைத் தீட்டினார். விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலின்படி, மால்டா கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய புனித பவுல் மூன்று மாதங்களுக்குப் பின் வேறு கப்பலேறிச் சென்று இறங்கி மூன்று நாள் தங்கியதும் அங்கேதான். ஒரே கடல்வழியில் இத்தனை கதைகள் செல்வதால், மால்டாவும் சிரக்கூசாவும் சேர்ந்த பயணத்தை மற்ற எதற்கும் மேலாகப் பரிந்துரைக்கிறேன்.

எந்த மாதங்கள் ஏற்றவை? கடல் அலைக்கழிக்குமா?

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரையும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். சென்னை வெயிலுக்குப் பழகியவர்களுக்கும் நிழலே இல்லாத மதில்களில் நடப்பது கடினம்தான். ஆனாலும் ஊர்த் திருவிழாக்கள் நடப்பது கோடையில். ஆகஸ்ட் 15 மரியன்னை விழாவும், முற்றுகை முடிந்த நாளான செப்டம்பர் 8 அன்று பெருந்துறைமுகத்தில் நடக்கும் படகுப்போட்டியும் உங்கள் பயண நாளோடு பொருந்தினால் வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சிறிய கப்பல் பெரிய கப்பலைவிட அதிகமாக ஆடும். இதை மறைத்துச் சொல்வதில் பொருளில்லை. கடல்நோய் வரக்கூடியவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்டு வாங்க வேண்டும். அங்கே ஆட்டம் குறைவு. மருந்தை மருத்துவரிடம் கேட்டு எடுத்துச் சென்று, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே உட்கொள்வது நல்லது.

கடும் கிரெகாலே வீசினால் நங்கூரமிட்டுப் படகில் இறங்கும் துறைகள் முதலில் கைவிடப்படும். அந்த முடிவை எடுக்கும் முழு உரிமையும் கப்பல் தலைவருக்கு உண்டு. ஒரு துறைமுகம் தவறியதற்காகப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் பயணக் கட்டணம் திருப்பித் தரப்படாது. முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பிரிவைப் படித்துவிடுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு எந்த விசா தேவை?

ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. மால்டா 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2007 டிசம்பரில் ஷெங்கன் பகுதியிலும் இணைந்தது. பயணத்தில் எந்த நாட்டில் அதிக நாட்கள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆகவே மால்டாவில் தொடங்கினாலும் சிசிலித் துறைமுகங்கள் அதிகமுள்ள பயணத்துக்கு இத்தாலியிடம் விண்ணப்பிக்க நேரலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

கப்பல் துனீசியா, துருக்கி போன்ற ஷெங்கனுக்கு வெளியிலுள்ள நாடுகளைத் தொட்டுத் திரும்பினால் பன்முறை நுழைவு விசா வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவுடன் போனால் திரும்பும் துறைமுகத்தில் சிக்கல் ஏற்படும். கப்பலில் ஏற்றிக்கொள்ளவே மறுப்பதும் உண்டு.

விமானம் ஏறுவதிலும் ஒரு சொல்: கப்பல் புறப்படும் நாளன்றே மால்டாவில் போய் இறங்கும்படி சீட்டு வாங்க வேண்டாம். துபாய், இஸ்தான்புல், ரோம் போன்ற ஊர்களில் விமானம் மாறித்தான் போக வேண்டியிருக்கும். ஒரு விமானம் தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது.

சைவ உணவு கிடைக்குமா?

கப்பலில் கிடைக்கும், பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். சிறிய கப்பலில் சமையற்கூடம் சிறியது, துறைமுகத்தில் வாங்கியதைத்தான் சமைப்பார்கள். முட்டை, மீன் சாறு பற்றியும் தெளிவாகக் குறிப்பிடுங்கள், ஏனெனில் சைவம் என்ற சொல்லை அங்கே வேறு விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

கரையில் பாஸ்டிசி என்ற சூடான அடுக்குப் பணியாரம் தெருவுக்குத் தெரு விற்கும். ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்ததும் பட்டாணி வைத்ததும் உண்டு. மாவில் விலங்குக் கொழுப்புச் சேர்க்கும் வழக்கம் சில கடைகளில் இருப்பதால் கேட்டு வாங்குங்கள். பிகில்லா எனப்படும் அவரை மசியல், கோசோவின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, பேரீச்சை வைத்துப் பொரித்த இம்ஆரெட் ஆகியவை நம் நாக்குக்கு ஏற்றவை. இறைச்சி உண்பவர்களுக்கு முயல்கறியும், இலையுதிர் காலத்தில் லம்புக்கி மீனும் ஊரின் சிறப்பு.

கப்பல் நடத்தும் சுற்றுலாவில் சேர வேண்டுமா, தனியாகச் செல்லலாமா?

வலெட்டாவிலும் பிர்குவிலும் தனியாகச் செல்லுங்கள். ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று, யூரோ நாணயம், சாலையில் இடப்பக்கம் செல்கிறார்கள், மின்செருகி ஆங்கிலேயர் விட்டுச்சென்ற மூன்று சதுரமுள் வகை. கற்கோயில்களுக்கு நல்ல வழிகாட்டி இல்லாமல் போனால் பாதி புரியாது என்பதால், அங்கே மட்டும் கப்பலின் சுற்றுலா பயனுடையது. கப்பலின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகச் சென்று தாமதமானால் காத்திருக்காது. கரையிலிருந்து தொலைவான இடத்துக்குப் போகும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மால்டாவுக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1878இல் ரஷ்யாவுடன் போர் மூளும் என்று ஆங்கிலேய அரசு கருதியபோது, பல ஆயிரம் இந்தியப் படையினரைக் கப்பலேற்றி மால்டாவில் இறக்கியது. சூயஸ் கால்வாய் திறந்த பின் இந்தியாவுக்கான கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்ற துறைமுகங்களில் மால்டாவும் ஒன்று. அந்த வழியில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிந்தி வணிகர்கள் வந்து குடியேறினார்கள். முதல் உலகப் போரில் காயமுற்று மால்டா மருத்துவமனைகளில் இறந்து எரியூட்டப்பட்ட இந்தியப் படையினருக்குப் பியெட்டா படைக் கல்லறையில் நினைவுச்சின்னம் உள்ளது. வலெட்டாவிலிருந்து காரில் சில நிமிடத் தூரம்தான். சுற்றுலா வழிகாட்டிகள் அங்கே அழைத்துப் போவதில்லை; நாம் போக வேண்டிய இடம் அது.

முதியவர்களால் இந்தப் பயணத்தைச் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் கப்பலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகச் சிறிய கப்பல்களிலும் பாய்மரக் கப்பல்களிலும் மின்தூக்கி இருக்காது. அறைக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே செங்குத்தான படிகள் இருக்கும். நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆடும் படகில் இறங்குவது முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் சிரமம். எனவே எந்தத் துறைமுகங்களில் கப்பல் கரையோடு கட்டப்படுகிறது, எவற்றில் படகில் இறங்க வேண்டும் என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். வலெட்டாவில் பரக்கா மின்தூக்கியில் ஏறிவிட்டால் முதன்மைத் தெருவும் பேராலயமும் ஏறக்குறைய சமதளத்தில் உள்ளன. கடலை நோக்கி இறங்கும் குறுக்குத் தெருக்கள் மட்டும் படிக்கட்டுகளாகவே இருக்கின்றன. சக்கர நாற்காலி தேவைப்படுவோர் ஹஜார் இம் கோயிலைப் பெருமளவு பார்க்க முடியும். குறுகிய படிகள் உள்ள நிலவறை அவர்களுக்கு ஏற்றதல்ல. கால்வலியுள்ளவர்களை உடன் அழைத்துச் செல்பவர்கள், காலை பத்து மணிக்குள் பேராலயத்தை முடித்துக்கொண்டு, பன்னிரண்டு மணிப் பீரங்கிக்கு மேல் பரக்காத் தோட்டத்தின் நிழலிருக்கைகளில் இடம் பிடித்து, பிற்பகலில் டைசாப் படகில் துறைமுகத்தைச் சுற்றி வருவதாகத் திட்டமிட்டால் நடை குறையும். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியும் கிடைத்துவிடும்.